எந்தக் கட்டையில் பாடுவது?

தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில், சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அண்மையில் அமைந்துள்ள சிற்றூர் இராயகிரி. ஊருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நீலச் சுவர் எழுப்பினாற்போல் நிற்கிறது. மலைக்கும் ஊருக்கும் இடையே தென்னந்தோப்புகளும் நெல்வயல்களும். கிழக்கே செல்லச் செல்லப் பசுமை குறைந்து, சங்கரன்கோவிலைத் தாண்டியதும் கரிசல் மண் விரிகிறது. சென்ற ஆனி மாதத்தில், குற்றாலத்துச் சாரல் இவ்வூர்வரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், நமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தின் புதுமனையை மந்திரிப்பதற்காக அங்கே சென்றிருந்தோம்.

மந்திரிப்பு முடிந்தது. ஜெபமாலைக்குப் பின் மாதா பாடல் ஒன்றைப் பாட வேண்டும். வீட்டின் மூத்தவரான ஆச்சி தொண்டையைச் சரிசெய்து கொண்டார். அவருடைய பேரன், பதினேழு வயதுத் தம்பி, தன் மின்விசைப் பலகையில் சுருதியை எழுப்பினான். பாடல் தொடங்கியது. அனுபல்லவியில் மெட்டு மேலே ஏறியபோது ஆச்சியின் குரல் ஒருமுறை கீறிற்று, பிறகு நின்றுவிட்டது. அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எஞ்சிய பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இக்காட்சி நமக்குப் புதிதன்று. இந்த ஆச்சி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆலயத்தில் பெண்கள் பகுதியில் அமர்ந்து பாடலைத் தொடங்கி வைத்தவர். அவர் குரலைப் பற்றிக்கொண்டுதான் மற்றவர்கள் பாடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பங்கிலே இசைக்கருவி வாங்கினோம், இளைஞர் குழுவை அமைத்தோம், பெருமைப்பட்டோம். அதன்பின் பெண்கள் பகுதியில் பாட்டு மெல்ல மெல்ல ஓய்ந்துபோனது. பீடத்தில் நின்ற நாமோ பாடகர் குழுவின் நேர்த்தியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆச்சி பாடுவதை நிறுத்திவிட்டார் என்பதை, உண்மையைச் சொல்லப்போனால், அன்று இராயகிரி வீட்டில் எதிரே அமர்ந்திருந்தபோதுதான் முழுமையாக உணர்ந்தோம்.

இரவு உணவுக்குப் பின் தம்பியிடம் மெல்லக் கேட்டோம்: "கொஞ்சம் இறக்கி வாசிக்கக் கூடாதா, தம்பி?"

அவன் மரியாதை குறையாமல், ஆனால் உறுதியாக மறுத்தான். "சாமி, இந்தப் பாட்டை இயற்றியவர் ஒலிநாடாவில் ஒரு கட்டையில்தான் பதிவு செய்திருக்கிறார். அதிலிருந்து மாற்றினால் பாட்டின் குணமே மாறிவிடும். பெரிய இசையமைப்பாளர்கள் எல்லாருக்கும் பிடித்தமான கட்டை என்று ஒன்று உண்டு. பீத்தோவன் போராட்டத்தைச் சொல்ல ஸி மைனரையே தேடிப் போவார். மோஸார்ட் துயரத்தைச் சொல்ல ஜி மைனருக்குப் போவார். அவர்கள் காரணமில்லாமலா தேர்ந்தெடுத்திருப்பார்கள்?"

பட்டணத்து ஆசிரியரிடம் மேனாட்டு இசை பயிலும் பிள்ளை அவன். அவன் சொன்னது வெறும் பிடிவாதமன்று. பீத்தோவனின் "பதேதிக்" ஸொனாட்டா, மூன்றாம் பியானோ கான்செர்ட்டோ, 1808-இல் முதன்முதல் அரங்கேறிய ஐந்தாம் சிம்பொனி, கடைசிப் பியானோ ஸொனாட்டா ஆகிய யாவும் ஸி மைனரில் அமைந்தவையே. மோஸார்ட் மைனரில் எழுதிய சிம்பொனிகளாக நிலைபெற்றவை இரண்டு. 1773-இல் ஒன்று, 1788-இல் மற்றொன்று. இரண்டும் ஜி மைனரே. ஆகவே கேள்வி நியாயமானது: இசை படைப்போர் ஏன் ஒரு குறிப்பிட்ட இடத்திற்கே மீண்டும் மீண்டும் திரும்புகிறார்கள்?

நமக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. இராயகிரியிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பும் தொலைவில், இசை படைத்த இருவரின் ஊர்கள் இருக்கின்றன. "நாளைக்கு எங்களோடு வருகிறாயா, தம்பி? அவர்களிடமே கேட்டு வருவோம்" என்றோம். ஆச்சி சிரித்துவிட்டு, விடியுமுன் இட்லி அவித்துக் கட்டித் தருவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை சங்கரன்கோவில் சேர்ந்து, அங்கிருந்து அதே வட்டத்தைச் சேர்ந்த சென்னிகுளத்துக்குப் போனோம். காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் பிறந்த ஊர் இது. முப்பது வயதை எட்டுமுன்னரே மறைந்துபோன இக்கவிஞரை ஆதரித்தவர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர். கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் செல்வோர் பாடுவதற்கென்று பிறந்தவையே அவருடைய சிந்துகள். அவை பிறந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும் இன்னும் கச்சேரி மேடையிலும் கிராமத்துத் தெருவிலும் ஒருங்கே ஒலிக்கின்றன. இத்தகைய இரட்டை வாழ்வு மிகச் சில பாடல்களுக்கே வாய்க்கும்.

அங்கிருந்து கழுகுமலை. பாண்டியர் காலத்தில் மலையைக் குடைந்து மேலிருந்து கீழாகச் செதுக்கத் தொடங்கி முற்றுப்பெறாமல் விடப்பட்ட வெட்டுவான் கோயிலையும், பாறை முகத்தில் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் சமண தீர்த்தங்கரர் சிற்பங்களையும் கண்டோம். வெயில் ஏறிவிட்டது. பாறை நிழலில் ஆச்சியின் இட்லிப் பொட்டலத்தை அவிழ்த்தபடி தம்பியிடம் கேட்டோம்: "காவடிச் சிந்து என்றதும் எந்த இராகம் நினைவுக்கு வருகிறது?"

"செஞ்சுருட்டி" என்றான்.

"பாடிப் பார். எதுவரைக்கும் ஏறுகிறது?"

அவன் தாழ்ந்த குரலில் பாடிப் பார்த்தான். ஒரு முறை, இரண்டு முறை. பிறகு வியப்போடு நிமிர்ந்தான். "மேல் ஷட்ஜத்தைத் தொடவே இல்லை, சாமி!"

அதுவே அந்த இராகத்தின் இயல்பு. செஞ்சுருட்டி நடு ஸ்தாயியின் நிஷாதம்வரை ஏறி அத்துடன் திரும்பிவிடும். கீழேயோ தைவதம், பஞ்சமம் என்று இறங்கி இளைப்பாறும். நம் கிராமங்களில் பழகிய புன்னாகவராளி, நாதநாமக்கிரியை ஆகிய இராகங்களும் இவ்வாறே மேல் ஷட்ஜத்துக்குப் போகாமல் நிஷாதத்தில் நின்றுவிடுபவை. வித்துவான்கள் இவற்றைப் பாடும்போது மத்திமத்தையே ஆதாரமாக வைத்துக்கொள்ளும் மத்திம சுருதியைக் கையாள்வதும் இதனால்தான். தோளிலே காவடி, காலிலே செருப்பில்லை, கண்ணெதிரே மலை. இப்படி நடந்து வருகிறவனிடம் உச்சஸ்தாயியைக் கேட்டால் அவனால் எப்படிக் கொடுக்க முடியும்? மூச்சு வாங்குவதற்கு இடம் தருகிற இராகம் அவனுக்கு வேண்டும். அடி எடுத்து வைப்பதற்கு இசைந்த திஸ்ர நடை வேண்டும். சிந்து இரண்டையும் தருகிறது. செஞ்சுருட்டி அழகான இராகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அழகு மட்டுமே அதனை இம்மலைக்கு அழைத்து வரவில்லை. நடப்பவனுடைய நெஞ்சுக்கூடும் அழைத்து வந்திருக்கிறது.

தம்பி சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "ஆனால் பீத்தோவன் காவடிக்காரனுக்கு எழுதவில்லையே" என்றான். நல்ல மாணாக்கன் அப்படித்தான் கேட்பான்.

அதற்கு மறுமொழி சொல்லக் கோவில்பட்டி உதவிற்று. அந்நகரில் வாழ்ந்து 1964-இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தை நாதஸ்வர உலகம் மறவாது. 1962-இல் வெளிவந்த "கொஞ்சும் சலங்கை" திரைப்படத்தில், ஆபேரி இராகப் பாடலொன்றில், எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சியாரின் நாயனமும் ஒன்றையொன்று விரட்டிச் செல்வதைக் கேளாத தமிழர் குறைவு. நாயனத்தின் சுருதி அதன் குழலின் நீளத்தைப் பொறுத்தது. குட்டையான திமிரி நாயனம் உயர்ந்த சுருதி பேசும். காருகுறிச்சியாரின் குருவாகிய டி. என். இராஜரத்தினம் பிள்ளை பரப்பிய நீண்ட பாரி நாயனம் தாழ்ந்து பேசும். எதுவாயினும், குழலைக் கடைந்தபின் சுருதி முடிவாகிவிடுகிறது. உடன் பாடுகிறவர்தாம் அதனிடத்துக்கு வர வேண்டும்.

பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் அமர்ந்து, மேனாட்டிலும் இதே கதைதான் என்று விளக்கினோம். 1742-இல் டப்ளின் நகரில் முதன்முதல் பாடப்பெற்ற ஹாண்டலின் "மெசியா"வில் அல்லேலூயாப் பாடகம் டி மேஜரில் அமைந்தது. பாக் இயற்றிய மாபெரும் திருப்பலி இசைக்கு "பி மைனர்" என்று பெயர். ஆனால் எக்காளங்கள் முழங்கும் உன்னதங்களிலே கீதம் டி மேஜருக்குச் சென்றுவிடுகிறது. டி மேஜர் வெற்றியின் கட்டை என்று பெயர் பெற்றது எதனால்? அக்காலத்து எக்காளத்தில் இன்றுள்ள அழுத்துக் கட்டைகள் கிடையாது. ஒரே நீளக் குழல். அதில் இயற்கையாக எழும் சில சுரங்களே பேசும். டி சுருதியில் அமைந்த எக்காளங்கள் பரவலாக வழங்கின. ஆகவே அரசனின் வெற்றியையோ ஆண்டவரின் மகிமையையோ முழங்க விரும்பியவர் டி மேஜருக்குப் போக வேண்டியிருந்தது. வயலினிலும் டி, ஏ ஆகியவை திறந்த தந்திகளாக இருப்பதால் அக்கட்டையில் அக்கருவி கணீரென்று பேசும். எக்காளத்தை அங்கேயே பலமுறை கேட்ட செவிகள், பிற்காலத்தில் எக்காளம் இல்லாத இடத்திலும் டி மேஜரைக் கேட்டதும் வெற்றியை நினைத்தன. கருவி வழக்கத்தைப் படைத்தது; வழக்கம் உணர்ச்சியைப் படைத்தது.

"அப்படியானால் ஸி மைனர்?"

அதற்கும் வரலாறு உண்டு. இன்றைய மின்விசைப் பலகையில் பன்னிரண்டு சுரங்களும் சம இடைவெளியில் வைக்கப்பட்டிருக்கின்றன; எந்தக் கட்டையிலிருந்து ஏறினாலும் ஏணியின் படிகள் ஒன்றுபோல் இருக்கும். பழங்காலத்து ஸ்ருதி சேர்ப்பு அப்படியன்று. படிகளின் இடைவெளி கட்டைக்குக் கட்டை சிறிது வேறுபட்டது. ஒரு கட்டை இனிமையாகவும் மற்றொன்று உறுத்தலாகவும் ஒலித்தது. 1722-இல் பாக் இருபத்துநான்கு மேஜர், மைனர் கட்டைகளுக்கும் ஒவ்வொரு முன்னிசையும் ஃபியூகும் இயற்றித் தொகுத்தது, எல்லாக் கட்டைகளிலும் வாசிக்கத்தக்க சுருதி சேர்ப்புக்குச் சான்றாக நின்றது. அவருக்குப் பின்னும் கட்டைக்கொரு குணம் என்னும் நம்பிக்கை நீடித்தது. ஷூபார்ட் என்னும் ஜெர்மானியக் கவிஞர் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குணத்தைப் பட்டியலிட்டார். அந்நூல் 1806-இல் அச்சேறியது. பீத்தோவனின் ஸி மைனர் இத்தகைய செவிப்பழக்கத்தின் நடுவே பிறந்தது. மேதை தன் காலத்து மொழியில்தான் பேசுகிறான். ஆனால் அவன் பேசியபின் அம்மொழி முன்போல் இருப்பதில்லை. ஸி மைனர் இன்று நமக்குப் போராட்டமாகத் தோன்றுகிறதென்றால், அதற்குப் பீத்தோவனும் ஒரு காரணம்.

இன்னொன்றும் சொன்னோம். ஹாண்டலுக்குரியது எனக் கருதப்படும் 1751-ஆம் ஆண்டு இசைக்கவை ஒன்று இருக்கிறது. அதன் ஏ சுரம் வினாடிக்கு 422.5 அதிர்வுகள் கொண்டது. இன்று உலகம் வழங்கும் 440 என்னும் அளவு 1939-இல் இலண்டனில் கூடிய மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்டது. அதாவது இன்று நாம் வாசிக்கும் டி மேஜர், ஹாண்டல் கேட்ட டி மேஜரைவிட அரைக் கட்டைக்குச் சற்றே குறைவான அளவு உயர்ந்து நிற்கிறது. "இயற்றியவரின் கட்டையை மாற்றவே கூடாது என்றால், தம்பி, உலகத்து வாத்தியக் குழுக்கள் எல்லாம் பாவம் செய்தவையாகும்" என்றோம். அவன் சிரித்துவிட்டான்.

பிற்பகலில் எட்டயபுரம் சேர்ந்தோம். பாரதி பிறந்த ஊர் என்று எல்லாரும் அறிவர். அதே ஊரில்தான் முத்துசாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தைக் கழித்து, 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் உயிர் நீத்தார். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் இச்சமஸ்தானத்து வித்துவான். ஐரோப்பியரின் வயலினை நம் சங்கீதத்துக்குப் பழக்கியவராகப் போற்றப்படுகிறவர். தீட்சிதரின் நினைவிடத்தில் அந்த நேரத்தில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. வேம்பின் நிழலில் காற்று மட்டும் நடமாடிக்கொண்டிருந்தது.

திருவாரூரிலே பிறந்த மும்மூர்த்திகளுக்கும் தனித்தனி விருப்பங்கள் இருந்தன. சியாமா சாஸ்திரிகளின் பெயரைச் சொன்னாலே ஆனந்தபைரவி நினைவுக்கு வரும். தியாகராஜர் கரகரப்ரியாவில் கீர்த்தனைகள் பல பாடினார். தீட்சிதர் மரபிலோ அந்த இருபத்திரண்டாம் மேளத்தின் இடத்தில் நிற்பது ஸ்ரீராகம். இதில் கருத்து மோதல் ஏதுமில்லை. அவரவர் பயின்ற பள்ளி வேறு. தீட்சிதர் வேங்கடமகி வழிவந்த இராக அமைப்பைப் பின்பற்றினார். அத்துடன் அவர் வீணை வித்துவான். அவர் பாடல்களின் நிதான நடையிலும் நீண்ட கமகங்களிலும் வீணையின் விரல் தெரிகிறது. இளமையில் சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்தபோது ஐரோப்பிய பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அம்மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் இயற்றினார். அந்த "நோட்டுஸ்வர"ங்கள் சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. மேனாட்டார் மேஜர் என்று வழங்கும் ஏணியும் அதுவே.

இங்கேதான் தம்பிக்குச் சொல்ல வேண்டியதன் சாரம் கிடைத்தது. தீட்சிதர் இராகத்தைத் தேர்ந்தெடுத்தார், கட்டையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-இல் இதே எட்டயபுரத்திலிருந்து "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" என்னும் பெருநூலை வெளியிட்டார். அவரை அப்பணிக்குத் தூண்டியவர்களுள் ஒருவர், நம் இசையை ஐரோப்பிய சுரக்குறியில் எழுத முயன்ற கிறிஸ்தவ அன்பர் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்பதை நம் வாசகர்கள் அறிவது நலம். அந்நூலில் சுரம், கமகம், தாளம் யாவும் நுணுக்கமாகக் குறிக்கப்பட்டுள்ளன. எத்தனை கட்டையில் பாட வேண்டும் என்பது மட்டும் பாடுகிறவருக்கே விடப்பட்டிருக்கிறது. ஆண் ஒரு கட்டையிலோ இரண்டு கட்டையிலோ பாடுவார். பெண் ஐந்திலோ ஆறிலோ பாடுவார். சங்கராபரணம் சங்கராபரணமாகவே இருக்கும்.

நம் திருச்சபையின் பழைய இசையும் இதையே சொல்கிறது. குருமடத்தில் நமக்குக் கிரகோரியன் இசை கற்பித்த தந்தை, நான்கு கோடுகளில் சதுரப் புள்ளிகளை எழுதிவிட்டு, "இதில் எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்பார். எட்டு முறைகளுக்கும் தனித்தனி இயல்பு உண்டு. உயரம் மட்டும் எழுதப்பட்டிருக்காது. குழுவின் குரலைக் கேட்டு, அதற்கேற்ற உயரத்தில் எடுத்துக் கொடுப்பதே பாடல் தொடங்குபவனின் கடமை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் முழுமையாகப் பங்குகொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியபோது, அந்தப் பழைய கடமையும் அதனுள் அடங்கியே இருந்தது. இதைக் கற்றிருந்தும் நாம் மறந்திருந்தோம். தம்பி புத்தகத்தை நம்பினான். அவன் பிழை சிறிது. ஆச்சியின் மௌனத்தைக் கேளாத நம் பிழை பெரிது.

திரும்பும் பேருந்தில் தம்பி ஒரு கேள்வி கேட்டான். "அந்த மாதா பாட்டைப் பதிவு செய்தவர், அந்தக் கட்டையை ஏன் தேர்ந்தெடுத்தார், சாமி?"

"நாடாவில் பாடியது யார்?"

"பயிற்சி பெற்ற ஓர் இளம் பாடகி."

மேற்கொண்டு நாம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இசையமைப்பாளரும் ஒரு தொண்டையைக் கேட்டுத்தான் கட்டையை வைத்திருக்கிறார் என்பது அவனுக்கே விளங்கிவிட்டது. அவரைப் பின்பற்றுவதென்றால் அவர் வைத்த கட்டையைப் பிடித்துக்கொள்வதன்று. அவர் செய்ததுபோல் எதிரே இருக்கும் தொண்டையைக் கேட்பதாகும். அதே சமயம் அவனிடம் ஓர் எச்சரிக்கையும் சொன்னோம். கட்டையை மாற்றலாம் என்பதற்காக மெட்டைச் சிதைக்கலாகாது, இராகத்தைக் கலைக்கலாகாது, எக்காளத்துக்கென எழுதியதை எக்காளத்தோடு வாசிக்கும்போது அதன் இடத்திலேயே வாசிக்க வேண்டும். எதை அசைக்கலாம், எதை அசைக்கக் கூடாது என்று அறிவதே கல்வி.

இராயகிரிக்கு வந்து சேர்ந்தபோது மலை கறுத்துவிட்டிருந்தது. சாரல் மெல்லத் தூறிற்று. ஆச்சி திண்ணையில் விளக்கருகே அமர்ந்திருந்தார். தம்பி கருவியை எடுத்து வந்து அவர் எதிரே தரையில் அமர்ந்தான்.

"ஆச்சி, நீங்க மொதல்ல பாடுங்க. நான் அப்புறம் சேர்ந்துக்கிடுதேன்."

"எனக்கு என்னல கட்டையும் சுருதியும் தெரியும்?" என்றார் ஆச்சி. ஆயினும் பாடினார். தம்பி தலையைச் சாய்த்துக் கேட்டு, ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுத் தேடினான். ஒரு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்கு, கீழே இறங்கி வந்தான். அங்கேயும் பொருந்தவில்லை. இன்னும் சற்றே இறங்கி நாலரையில் நின்றான். ஆச்சி அனுபல்லவிக்குச் சென்றார். முந்திய நாள் கீறிய இடத்தில் இம்முறை குரல் நடுங்கிற்று, ஆனால் நிற்கவில்லை. அடுக்களையிலிருந்து மருமகளும், பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து இரண்டு மூன்று பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு திருப்பலியில் நாம் செய்தது ஒன்றே. வருகைப் பாடலுக்கு முன் பாடகர் குழுவை நோக்கிச் சைகை காட்டி, பெண்கள் பகுதியிலிருந்து குரல் எழும்வரை காத்திருந்தோம். சிறிது நேரம் ஆயிற்று. பிறகு எழுந்தது.